நோட்டுஸ்வரங்களின் காலம்: மணலிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே

முத்துசுவாமி தீட்சிதர் 1835 அக்டோபர் 21, நரக சதுர்த்தசியன்று எட்டயபுரத்தில் மறைந்தார். சிவகாசி ஆண்டு முழுவதும் எந்த நாளை எண்ணி உழைக்கிறதோ, அந்தத் தீபாவளியே கோவில்பட்டிக்கு அப்பால் உள்ள எட்டயபுரத்தில் அவருடைய நினைவு நாள். இன்று சிவகாசி விருதுநகர் மாவட்டம், எட்டயபுரம் தூத்துக்குடி மாவட்டம். தீட்சிதர் காலத்தில் இரண்டும் திருநெல்வேலிச் சீமை. சிவகாசி அடங்கிய சாத்தூர்ப் பகுதி அதிலிருந்து பிரிந்தது 1910இல்தான். இந்தக் கரிசல் வட்டாரத்தில் காக்கப்பட்டு அச்சுக்குப் போன தீட்சிதர் உருப்படிகளில் ஒரு தொகுதியின் காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவை ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் கட்டிய, ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வர சாகித்யங்கள்.

இவை தீட்சிதரின் இளமைக்கால விளையாட்டு என்பதும், சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டுக் கட்டியவை என்பதும், அதனால் குழந்தைகளுக்கு ஏற்றவை என்பதும் பரவலான கருத்து. தீட்சிதர் நினைவு நிகழ்ச்சிகளில் சிறுவர் குழுவுக்கு இவற்றை ஒதுக்கிவிட்டு, கனமான கிருதிகளைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வது இக்கருத்தின் தொடர்ச்சியே. இதற்குப் பெரிதும் காரணமானவர் சுப்பராம தீட்சிதர் (1839–1906) என்பது என் வாதம். அவரிடம் நமக்குள்ள கடன் பெரிது. 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வந்திராவிட்டால் தீட்சிதரின் இசையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்வது கடினம். ஆனால் மறு ஆண்டு, 1905இல், அவர் வெளியிட்ட பிரதமாப்யாச புஸ்தகத்தில் நோட்டுஸ்வரங்களைத் தொடக்கப் பயிற்சிகளோடு சேர்த்து வைத்தார். இவை இளமையில் இயற்றப்பட்டவை என்பதற்கு அந்த வைப்பு சான்றாகாது. கற்பிக்க எளிது என்று 1905இன் ஆசிரியர் எடுத்த முடிவு அது. பின்வந்தவர்கள் மாணவரின் பாடவரிசையை இயற்றியவரின் வாழ்க்கை வரிசையாகப் படித்துவிட்டார்கள்.

மணலிக் கதைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தந்தை ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலி முத்துகிருஷ்ண முதலியாரும், அவர் மகன் சின்னய்யா என்ற வேங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரித்தனர். இளைய மகன் பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றது அங்கேதான் என்று பிரதர்சினியின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதி கூறுகிறது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகவும் சுவீகார புத்திரராகவும் வளர்ந்த சுப்பராமருக்கு இச்செய்தி வீட்டுச் செய்தி. இதை ஐயுற எனக்குக் காரணமில்லை. ஆனால் தம்பி பிடில் கற்ற ஊரும் காலமும் அண்ணன் சாகித்யம் செய்த ஊரும் காலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சுப்பராமர் காத்துத் தந்த குடும்ப மரபே இதற்கு எதிராக நிற்கிறது. தீட்சிதர் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய்ப் பல ஆண்டுகள் தங்கித் திரும்பியபின், திருத்தணியில் முருகன் அருளால் முதல் கிருதியைப் பாடினார் என்றும், ‘குருகுஹ’ முத்திரை அங்கிருந்து தொடங்கியது என்றும் அம்மரபு சொல்கிறது. நோட்டுஸ்வரங்களிலோ ‘ஜகதீச குருகுஹ’, ‘குருகுஹ சரசிஜ’, ‘குருகுஹ பதபங்கஜ’ என்று முத்திரையைத் தொடக்கத்திலேயே வைத்தவை உண்டு. திருத்தணி மரபை ஏற்றால் இவையேனும் மணலிப் பருவத்தவை ஆகா. மணலியை வற்புறுத்தினால் திருத்தணி மரபைக் கைவிட வேண்டும். மெட்டை இளமையில் கேட்டுச் சொல்லைப் பின்னால் கட்டியிருக்கலாம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அதை மறுக்க வழியில்லை. ஆனால் அதை ஏற்றாலும் சாகித்யம் காசிக்குப் பிந்தியதே.

மெட்டுகளின் வயதைப் பார்ப்போம். ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கில அரச கீதத்தின் மெட்டு. 1744இல் லண்டனில் அச்சேறி, மறு ஆண்டு நாடக அரங்குகளில் பாடப்பட்டது. ‘வந்தே மீனாக்ஷி’க்கு அடியான ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து மெட்டும் 1740களில் அச்சில் இருந்தது. ‘சுப்ரமண்யம்’ எடுத்துக்கொண்ட ‘பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்’ ஒரு படைநடை. காலத்தால் இவை பரோக் இசையின் கடைசிப் பருவத்தவை. ஆனால் அந்த யுகத்தின் கச்சேரி இசையோ பலகுரல் பின்னலோ இவற்றில் இல்லை. அக்காலத்தில் திறந்தவெளி இசை என்றால் ஊதுகருவியும் முரசும்தான்: 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த அரச வாணவேடிக்கைக்கு ஹாண்டெல் இசையமைத்தபோது, போர்க்கருவிகளே முழங்க வேண்டும் என்று இரண்டாம் ஜார்ஜ் மன்னர் விரும்பினார். கோட்டைப் பேண்டின் வழி தமிழ்நாட்டுக்கு வந்த ஐரோப்பிய இசையும் இந்தத் திறந்தவெளி வகையே. அதனால்தான் நோட்டுஸ்வரங்கள் கமகம் தவிர்த்து, சங்கராபரணத்தின் வெறும் ஸ்வரங்களில் நேர்நடையாகச் செல்கின்றன.

இந்தப் பழைய மெட்டுகள் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். 1790இலும் கேட்டிருக்கலாம், 1830இலும் கேட்டிருக்கலாம். என் வாதம் தங்கியிருப்பது வேறு இரண்டு உருப்படிகளில். ‘வரசிவபாலம்’ என்பதன் மெட்டை அட்டவணைகள் ‘காஸ்டிலியன் மெய்ட்’ என்கின்றன. அப்பெயர்கொண்ட பாடல் தாமஸ் மூரின் ‘நேஷனல் ஏர்ஸ்’ தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதி வெளிவரத் தொடங்கியது 1818இல். ‘கமலாஸன வந்தித’ என்பதன் மெட்டு ‘காலோபீட்’ என்று குறிக்கப்படுகிறது. காலப் நடனம் பாரிஸிலும் லண்டனிலும் பரவியது 1829 வாக்கில். இந்த அடையாளங்கள் சரியென்றால், முதலாவது தீட்சிதரின் நாற்பதுகளுக்கு முன் பிறந்திருக்க முடியாது. இரண்டாவது அவருடைய கடைசி ஆறேழு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ‘இளமை விளையாட்டு’ என்ற விளக்கம் அங்கே நிற்காது.

என் சான்றின் மெலிவான இடமும் இதுதான். மூர் பழைய மெட்டுகளுக்குப் புதுச் சொல் கட்டியவர். அவர் எடுத்த மெட்டு அவருக்கு முன்பே கப்பலேறியிருக்கலாம். நடனத்தின் பெயர் அதைவிட மூத்த மெட்டில் பிற்காலத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். தனித்தனியே ஆராய்ந்தால் இரண்டு அடையாளங்களும் பிந்திய பக்கமே சாய்கின்றன. முந்திய காலத்தைக் கோருவோரிடம் இதற்கு ஈடான ஓர் அடையாளமும் இல்லை. அவர்களிடம் இருப்பது பாடப்புத்தகத்தின் வரிசை மட்டுமே.

மூன்றாவது உருப்படி மணலிக் கதையை வேறு பக்கத்தில் அசைக்கிறது. ‘பீதவர்ணம் பஜே’ என்பதன் மெட்டு ‘தாஸா ப தாஸா’ என்று சொல்லப்படுகிறது. இது ஐரோப்பிய மெட்டே அல்ல. ஹாஃபிஸின் பாரசீகக் கவிதையோடு சேர்ந்த, இந்துஸ்தானி ஆடல் அரங்குகளில் ஒலித்த பாட்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதை விரும்பித் தமதாக்கிக்கொண்டார்கள். வில்லியம் ஹாமில்டன் பேர்ட் 1789இல் கல்கத்தாவில் அச்சிட்ட ‘ஓரியண்டல் மிஸலனி’ போல, இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்றுவது அன்று ஒரு மோகம். தீட்சிதரோ காசியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். இம்மெட்டை அவர் கோட்டையில்தான் கேட்டிருக்க வேண்டும் என்று எதற்குக் கொள்ள வேண்டும்?

கோட்டைக்கு மாற்றாகத் தஞ்சாவூர் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையில் மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். அவர் திரட்டிய இசைத்தாள்கள் சரஸ்வதி மகாலில் உள்ளன. காசியிலிருந்து திரும்பிய தீட்சிதர் நெடுங்காலம் வாழ்ந்த திருவாரூர் பக்கத்தில்தான் இருக்கிறது. தஞ்சை நால்வர் அவருடைய மாணவர்கள். அவர்களுள் வடிவேலு பிடிலில் தேர்ந்து, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தப் பிடில் பரிசு பெற்றவர்.

தீட்சிதர் பிறந்த ஆண்டையும் திருத்திக்கொள்வது நல்லது. மன்மத வருடம், பங்குனி, கிருத்திகை என்று மரபு சொல்லும் பிறப்பைப் பலர் 1775 மார்ச் 24 என எழுதுகிறார்கள். மன்மத வருடம் 1775 சித்திரையில் தொடங்கியது. அதன் பங்குனி 1776இல்தான் வரும். கணக்கிட்டால் 1776 மார்ச் 24 அன்று நிலவு கிருத்திகையை ஒட்டி நிற்கிறது. முந்திய ஆண்டின் அதே தேதியில் அது தேய்பிறை நிலவு, கிருத்திகைக்கு வெகு தொலைவு. மணலிப் பருவத்தைக் கணக்கிடுவோர் அவர் வயதில் ஓராண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவே. முத்திரை தாங்கியவை காசிக்குப் பிந்தியவை. இரண்டு உருப்படிகள் 1818க்குப் பிந்தியவையாக இருக்கக்கூடும். எஞ்சியவற்றின் காலம் தீராத கேள்வி. முழுத் தொகுதியும் ஒரே மூச்சில் பிறந்ததென்று கொள்ளவும் ஆதாரமில்லை. தஞ்சை இசைத்தாள்களை எட்டயபுரப் பதிப்பின் ஸ்வரங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் மெட்டுகள் வந்த வழியேனும் துலங்கும். அதுவரை இவற்றைச் சிறுவர் பாடம் என்று சொல்வதற்கு 1905இன் பாடத்திட்டம் மட்டுமே சான்று. தீட்சிதர் அப்படிக் கருதினார் என்று சொல்ல ஒன்றுமில்லை.