எந்த ஊர் வெயில்?

ஊரைவிட்டு ஓடிவந்தபோது குடும்பப் படங்களையும் காவிக்கொண்டு வந்தவர்கள் எம்மிற் சிலரே. எங்கள் வீட்டு அல்பமும் அங்கேயே போயிற்று. அதனாலோ என்னவோ, சிட்னியில் கையிற் கொஞ்சம் காசு மிஞ்சியதும் நான் முதலில் வாங்கிய பொருள் ஒரு பழைய கமரா. வார இறுதிகளில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவேன். சில வருடங்களின் பின், சேர்ந்த படங்களை மேசையிற் பரப்பி நண்பர் ஒருவருக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் எடுத்திருக்கிறீர். ஆனா, பார்க்கிலை நிக்கிற பேரீச்சையை எல்லாம் பனையெண்டு நினைச்சு எடுத்திருக்கிறீர் போலை."

நானும் சிரித்தேன். ஆனாலும் அது தைத்துவிட்டது. எதிரில் உள்ளதைப் பார்க்காமல், விட்டுவந்ததையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தச் சிக்கல் இந்நகரத்துக்குப் புதிதல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஹரோல்ட் கஸ்னோ 1878 இல் நியூசிலாந்தின் வெலிங்டனிற் பிறந்தவர். அடிலெயிட்டில் வளர்ந்து, 1904 இல் சிட்னிக்கு வந்தார். அவரும் ஒரு வந்தேறிதான். பிழைப்புக்கு பிறீமன் ஸ்ரூடியோவில் வேலை. தமக்கென்று எடுத்த படங்கள் வேறு. வேலைக்குப் போகும் வழியிலும் ஓய்வு நேரத்திலும் துறைமுகத்தையும், பழைய சிட்னியின் ஒழுங்கைகளையும், அங்கு விளையாடும் பிள்ளைகளையும் எடுத்தார். 1909 இல் அவற்றைக் கொண்டு ஒரு தனிக் கண்காட்சியும் வைத்தார்.

அக்காலத்தில் எது 'கலைப்படம்' என்பதை லண்டன் தீர்மானித்தது. புகைப்படமும் ஓவியத்துக்குச் சளைத்ததல்ல என்று நிரூபிக்க விரும்பியவர்கள், கூர்மை மழுங்கிய வில்லைகளால் படமெடுத்தார்கள். புரோமோயில் முறையில் தூரிகையால் மை ஒற்றி அச்சிட்டார்கள். பனிமூட்டம், அந்திநேரம், மழை நனைத்த தெரு ஆகியவையே விருப்பமான காட்சிகள். லண்டனுக்கு அது இயல்பு. கண் கூசும் வெயிலடிக்கும் சிட்னியிலோ, மூட்டம் எப்போது வருமென்று காத்திருக்க வேண்டும். நான் பனையைத் தேடியதும் அதே கதைதான்.

1916 நவம்பர் 28 இல், பிலிப் தெருவிலிருந்த ஒரு சிறு ஸ்ரூடியோவில் ஆறு பேர் கூடினார்கள். கஸ்னோவும் செசில் பொஸ்ரொக்கும் அவர்களில் இருவர். சிட்னி கமரா வட்டம் அன்று பிறந்தது. நரை நிறத்திலும் மந்தமான நிழலிலும் அல்லாமல், சூரிய ஒளியிலேயே தங்கள் அவுஸ்திரேலியாவைக் காட்டுவதென்று உறுதியெடுத்துக் கையொப்பமிட்டார்கள்.

கையொப்பமிடுவது சுலபம், கைப்பழக்கம் மாறுவது சுலபமல்ல. மென்மையான வில்லைகள் உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் கஸ்னோ சூரியனுக்கு எதிர்முகமாகக் கமராவைப் பிடித்து, நீண்ட நிழல்களையே படத்தின் எலும்பாக்கினார்.

1937 இல் இரண்டு படங்கள் பிறந்தன. அறுபதை நெருங்கிய கஸ்னோ, பிளிண்டர்ஸ் மலைப்பகுதியில் வேர்கள் வெளித்தெரிய நின்ற ஒரு பெருமரத்தை எடுத்தார். பின்னாளில் அதற்கு 'தாங்குதிறனின் ஆன்மா' என்ற பொருளில் பெயரிட்டார். அதே ஆண்டு, பொஸ்ரொக்கிடம் தொழில் பழகிய மக்ஸ் டுபெயின், நண்பர்களுடன் முகாமிட்டிருந்த கல்பரா கடற்கரையில், மணலிற் குப்புறக் கிடந்த ஒருவரின் தலையையும் தோளையும் எடுத்தார். அவருக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில். வெயில் ஒன்றுதான். ஒருவர் அதில் தாங்கி நிற்பதைக் கண்டார். மற்றவர் வடிவத்தைக் கண்டார்.

டுபெயினின் ஸ்ரூடியோவில் உதவியாளராக இருந்த ஒலிவ் கொட்டன் இவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. 1935 இல், வுல்வேர்த்ஸ் கடையில் வாங்கிய மலிவான தேநீர்க் கோப்பைகளை வைத்து, அவற்றின் நிழல்களை நடனக்காரிகள்போல ஆக்கினார். அந்தப் படம் அந்த வருடமே லண்டன் கண்காட்சிக்குப் போனது.

இவற்றை அறிந்தபின் நான் முதலில் நிழலைக் கவனிக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஆகவே காலையும் மாலையுமே படமெடுக்கும் நேரம் என்பது எனக்குள் ஊறியிருந்தது. சிட்னியில் நண்பகற் சூரியன் எப்போதும் வடக்கே நிற்கிறது. ஜூனில் அது சுமார் 33 பாகை உயரத்துக்கே ஏறுகிறது. நட்டநடு மதியத்திலேயே நிழல் ஆளைவிட ஒன்றரை மடங்கு நீளம். இத்தனை வருடங்களாக அந்த நேரத்திற் கமராவை உறையிலிட்டு வைத்திருந்திருக்கிறேன்!

அம்மாவும் இதில் ஏமாந்தவர்தான். ஊரில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து விழும். அந்த நினைப்பில், இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் மிளகாய்ச் சுளகை வீட்டின் தெற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தார். வெயில் வரவேயில்லை. மறுவருடம் வடக்கு முற்றத்துக்கு மாறினார். ஒரு ஜூன் மதியம் அவர் குனிந்து மிளகாயைக் கிளறுவதை எடுத்தேன். அவருடைய நிழல் சுளகைத் தாண்டி, உடுப்புக் காயப்போடும் கம்பத்தின் அடிவரை போயிருந்தது.

அந்தப் படத்தையும் நண்பரிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தார். பனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு இஞ்சத்தை வெயில் பிடிபட்டிட்டுது என்ன?" என்று மட்டும் கேட்டார்.