கோளிவாடா இறால்: ஒரு தட்டில் அடங்கிய நகர வரலாறு

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள், புலால் உண்ணும் வழக்கமுடையோர் பலர் கோளிவாடா இறால் என்னும் வறுவலை நன்கறிவர். விருந்தினர் வந்தால் சோறு படைக்குமுன் இதனை ஒரு தட்டில் வைத்து உபசரிப்பதும் உண்டு. ஆயினும் அப்பெயர் எங்கிருந்து வந்தது, அதன் மேற்பூச்சு எவருடையது, அதிலுள்ள காரம் எந்நாட்டது என வினவுவோர் சிலரே. வினவிப் பார்ப்போமாயின், அச்சிறு தட்டில் நாம் வாழும் இந்நகரின் வரலாறே அடங்கியிருக்கக் காண்போம்.

கோளி என்போர் இக்கடற்கரையின் தொன்மையான மீனவக் குடியினர். அவர்தம் குடியிருப்புக்குக் கோளிவாடா என்று பெயர். இன்று ஒரே நிலமாய்க் காட்சியளிக்கும் இந்நகரம் ஏழு தீவுகளாய்க் கிடந்த காலத்திலேயே அவர்கள் இங்கு வலைவீசி வாழ்ந்தனர். வொர்லியிலும், மாகிமிலும், நம் மக்கள் மிகுந்து வாழும் தாராவியிலும் இன்றும் கோளிவாடாக்கள் உள்ளன. மழைக்காலத்தின் சீற்றம் தணியும் நாரளிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்கிய பின்னரே படகிறக்குதல் அவர்தம் மரபு.

அவர்கள் மிக விரும்பும் மீன் பொம்பில். நீர்ச்சத்து மிகுந்த இம்மீனைப் பிளந்து, பாரமேற்றி நீரை வடித்து, மசாலை தடவி, அரிசிமாவோ ரவையோ புரட்டி வறுப்பர். ஆங்கிலேயர் இதற்குப் ‘பம்பாய் வாத்து’ எனப் பெயரிட்டனர். இம்மீனின் கருவாடு தபால் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டதாகவும், தபாலைக் குறிக்கும் ‘டாக்’ என்னும் சொல்லே வாத்தைக் குறிக்கும் ‘டக்’ எனத் திரிந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. இரயில்வே ஊழியராகிய நமக்கு இக்கதை இனிக்கவே செய்கின்றது. ஆனால் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடியது 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள். அதற்கு முன்பே இப்பெயர் ஆங்கில நூல்களில் அச்சேறிவிட்டது. ஆதலின், கதை சுவையானதாயினும் வரலாறாகாது.

மீனுக்கு மாவுப் பூச்சிட்டு வறுக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. பழந்தமிழ் நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதைக் கூறுகின்றது. அது நெருப்பில் சுட்டது; எண்ணெயில் பொரித்தது அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மீன் துண்டுகளைப் புளிநீரில் வேகவைத்து, கோதுமைமாவு புரட்டி, எண்ணெயில் சிவக்கப் பொரித்து, ஏலமும் மிளகும் தூவும் முறை கூறப்பட்டுள்ளது.

அக்காலத்துக் காரம் மிளகே என்பது நோக்கத்தக்கது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்த்துக்கீசியர் வழியே நம் நாட்டை அடைந்தது. 1534ஆம் ஆண்டில் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷா, வசாயையும் பம்பாய்த் தீவுகளையும் அவர்களுக்கு அளித்தார். 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் அத்தீவுகள் ஆங்கில மன்னர் வசமாயின. ஆட்சிகள் மாறின, மிளகாய் மட்டும் எவர் ஆட்சியிலும் அடுக்களையை விட்டு அகலவில்லை.

இனிக் கோளிவாடா இறாலின் பிறப்புக்கு வருவோம். 1947ஆம் ஆண்டில் நாடு பிரிவினையுற்றபோது, வீடும் நிலமும் இழந்த பஞ்சாபியர் பல்லாயிரவர் பம்பாய்க்கு வந்தனர். அவர்களுள் பலருக்குச் சயான் கோளிவாடாவிலிருந்த இராணுவக் கொட்டடிகள் புகலிடமாயின. கையிற் பொருளில்லை, கைப்பழக்கமான சமையல் மட்டும் இருந்தது. ஆற்றுமீனைக் கடலைமாவிலும் ஓமத்திலும் தோய்த்துப் பொரிப்பது பஞ்சாப் நாட்டு வழக்கம். இங்கோ அருகிலேயே கோளி மக்களின் கடல் இறால் கிடைத்தது. 1950களில் அவர்கள் நடத்திய சிறு உணவுக் கடைகளில், பஞ்சாபின் மாவும் இக்கடலின் இறாலும் ஒன்றாய்ச் சட்டியில் இறங்கின. கோளிவாடாவில் கிடைத்த உணவு ஆதலின், கோளிவாடா இறால் என்றே பெயர் நிலைத்தது.

இல்லத்தில் இதனைச் செய்ய விழையும் தாய்மார்களுக்காகச் செய்முறையையும் கூறுவோம். அரைக் கிலோ இறாலை ஓடும் முதுகுக் குடலும் நீக்கிக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், காஷ்மீர் மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு, கைகளால் கசக்கிய ஓமம் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைப் பிசறிக் கால்மணி நேரம் வைக்கவும். பின்னர் நான்கு மேசைக்கரண்டி கடலைமாவும் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவும் தூவி, நீர் தெளித்துப் பிசறினால் மாவு இறாலைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும்; ஒரு துளி மாவையிட்டால் உடனே மேலெழுதல் அதற்கு அடையாளம். சிறிது சிறிதாய் இட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துவிடவும். மிகுதியாக வெந்தால் இறால் இறுகிப்போகும். எண்ணெய் சூடு குறைந்தாலோ, பொரித்ததை மூடிவைத்தாலோ மொறுமொறுப்புக் கெடும். புலால் உண்ணாத அன்பர்கள் காலிபிளவரையோ வாழைக்காயையோ இம்மாவில் தோய்த்துப் பொரிக்கலாம், சுவை குன்றாது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. துறைமுக வழித்தடத்தில் முன்னர்க் கோளிவாடா என வழங்கிய நிலையம் இன்று குரு தேக் பகதூர் நகர் எனச் சீக்கியர்தம் ஒன்பதாம் குருவின் திருப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. அகதிகளாய் வந்தோர் போற்றும் பெயர் நிலையத்துக்கு வந்தது. அவர்கள் சமைத்த உணவிலோ மண்ணின் மக்களாகிய கோளிகளின் பெயர் நிலைத்தது. இவர் அவரை விழுங்கவுமில்லை. அவர் இவரை விலக்கவுமில்லை.

1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததை நம் மூத்தோர் மறந்திலர். ‘இவ்வூர் எவருக்கு உரியது?’ என்ற வினா அன்று தெருவில் எழுப்பப்பட்டது. இன்றும் அவ்வப்போது எழுகின்றது. அதற்குச் சினத்தால் விடையிறுக்க வேண்டுவதில்லை. வந்தவர் தம் உழைப்பையும் கைத்திறனையும் தருதல் வேண்டும். தமக்கு முன் இருந்தவர் பெயரை மறவாதிருத்தல் வேண்டும். பஞ்சாபியர் இரண்டையும் செய்தனர். இறாலுக்கு அமிர்தசரஸ் என்றோ லாகூர் என்றோ அவர்கள் பெயரிட்டிருக்கலாம், இடவில்லை.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்காகச் சங்கம் அமைத்தோம். அது நம் கடமை. அதனுடன், எவருடைய கடற்கரையில் நாம் வாழ்கின்றோம் என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தல் நன்று. அடுத்த முறை அத்தட்டு நம் இல்லத்தில் வைக்கப்படும்போது, கோளி என்பார் யாவர் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக. தமிழும் வாழ்க! நமக்கு இடமளித்த இம்மண்ணும் வாழ்க!