பெயரும் உயிரும்: போர்பிரா செம்பாசியின் வகைப்பாட்டு வரலாறு

பொருளின் இயல்பு நோக்கி இடப்பட்டது காரணப்பெயர் என்பது தமிழிலக்கண மரபு. காரணம் பிழையாத இரு பெயர்கள் ஒரே உயிரின் இரு பருவங்களைச் சுட்டி நின்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு பெயர்கள்

வடஅத்திலாந்திக் கரைப்பாறைகளில் மெல்லிய இதழ்போல் வளரும் செம்பாசி ஒன்றினை 1753இல் லின்னேயஸ் உல்வா அம்பிலிக்காலிஸ் என வழங்கினார். பின்னொட்டு கொப்பூழைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. உல்வா என்பதோ இன்று பச்சைப்பாசிகளுக்குரிய பேரினப் பெயராகும். 1824இல் கார்ல் அகார்டு, செந்நீல நிறத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லால் போர்பிரா என்னும் பேரினத்தை நிறுவினார். 1843இல் கூட்சிங் இப்பாசியை அதனுள் சேர்த்தார்.

1892இல் பேட்டர்ஸ் என்பார், சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் நுண்ணிய இழைப்பாசி ஒன்றுக்குக் கான்கோசெலிஸ் ரோசியா எனப் பெயரிட்டார். முன்சொல் சிப்பியையும் பின்சொல் இளஞ்சிவப்பு நிறத்தையும் உணர்த்துவன. வடிவாலும் வாழிடத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டும் வேறுவேறு உயிர்கள் என்றே கொள்ளப்பட்டன.

ஓர் உயிர்

இக்கருத்தை மாற்றியவர் கேத்லீன் ட்ரூ-பேக்கர். மணமானமையால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணியை இழந்த இவர், ஊதியமின்றி ஆய்வைத் தொடர்ந்தார். போர்பிரா அம்பிலிக்காலிஸின் வித்துகள் சிப்பி ஓட்டினுள் புகுந்து கான்கோசெலிஸ் இழைகளாக வளர்தலைக் கண்டு, 1949இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். தனியுயிர் எனப்பட்டது மற்றொன்றின் வாழ்க்கைப் பருவமே என்பது தெளிவாயிற்று.

இதன் பயன் சப்பானில் விளைந்தது. உணவாகும் நோரிப்பாசியின் வித்து கோடையில் எங்குள்ளது என்பது அதுவரை அறியப்படவில்லை. சிப்பி ஓடுகளில் வித்து வளர்த்து வலைகளில் ஏற்றும் முறையை அந்நாட்டு ஆய்வாளர் உருவாக்கினர். 1957இல் மறைந்த அவருக்கு 1963இல் குமமோட்டோ மாநிலத்து உட்டோவில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

பெயர்களின் பின்னிலை

முந்தைய பெயரே உரிமையுடையது என்னும் நெறிப்படி போர்பிரா நின்றது. கான்கோசெலிஸ் பேரினப் பெயராதல் ஒழிந்து, இழைப்பருவத்தைச் சுட்டும் சொல்லாயிற்று. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2011இல் போர்பிராவின் எல்லை குறுகியது. சப்பானில் பயிராகும் யெசோயென்சிஸ் சிற்றினம் பைரோப்பியாவுக்கும், 2020இல் நியோபைரோப்பியாவுக்கும் மாற்றப்பட்டது. அம்பிலிக்காலிஸ் போர்பிராவிலேயே நிலைத்தது.

முடிவுரை

பேட்டர்ஸ் கண்டதும் பெயரிட்டதும் பிழையல்ல. கண்டது வாழ்வின் ஒரு பகுதி என்பதே குறை. காரணப்பெயர் கண்ட இயல்பைக் கூறும். வகைப்பாடோ முழு வாழ்வையும் வேண்டும். இவ்வேறுபாட்டை இச்செம்பாசியின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.