அணையாடையும் கல்லூரி வாசலும்

புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார் ஓர் உவமை சொல்கிறார். நெய்யுணவு உண்டு வளர்ந்த குதிரைகள் போர்க்களத்தில் ஒடுங்கி நிற்பதை, முருகன் கோட்டத்தில் கலன்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரோடு ஒப்பிடுகிறார். பிற்காலத்துச் சிவவாக்கியரோ, தூமையைத் தீட்டு என்போரைப் பார்த்து, அதிலிருந்தே திரண்ட உடல் மட்டும் தூயதா என்று வினவுகிறார். விலக்கையும் விலக்குக்கு எதிரான குரலையும் நம் இலக்கியம் பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்நாட்களில் அப்பெண்கள் எதை அணிந்தனர், துவைத்ததை எங்கே உலர்த்தினர் என்னும் கேள்விகளுக்கு நாம் வகுப்பில் நடத்தும் பாடல்களில் விடையில்லை. பொருளின் வரலாற்றை வேறிடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவ்வரலாறு ஒரு போரில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் காயங்களுக்குக் கட்டுப்போட, மரக்கூழிலிருந்து செய்த உறிஞ்சும் தன்மை மிக்க ஒரு பொருளை அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் தயாரித்தது. செவிலியர் அதைத் தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்தபின் அதுவே கோடெக்ஸ் என்ற பெயரில் 1920 வாக்கில் கடைக்கு வந்தது. ஆனால் கடைக்காரரிடம் வாய்திறந்து கேட்கப் பெண்கள் கூசினர். ஆகவே பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, பேசாமல் எடுத்துச் செல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. நம்மூர்க் கடைகளில் நாளிதழில் சுற்றிக் கறுப்புப் பையில் இட்டுத் தரும் வழக்கத்திற்கு இது தூரத்து உறவு.

1927இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்திற்காகப் பொறியாளர் லில்லியன் கில்பிரெத் ஓர் ஆய்வு நடத்தினார். கல்லூரி மாணவியர் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், கடையில் விற்கும் அணையாடையில் என்ன குறை என்று கேட்டறிந்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்துக் கோயம்புத்தூரில் அருணாசலம் முருகானந்தம் மலிவான அணையாடை செய்ய முயன்றபோது, அவரும் மருத்துவக் கல்லூரி மாணவியரிடமே சென்றார். வீட்டுப் பெண்கள் பேச மறுத்ததே காரணம். மாணவியரிலும் சிலர், எல்லோருக்குமான படிவங்களைத் தாங்களே நிரப்பிக் கொடுத்துவிட்டனர். மருத்துவம் படிப்போரையும் கூச்சம் விடவில்லை. உறிஞ்சும் பொருள் வெறும் பஞ்சன்று, மரக்கூழ் என்பதைக் கண்டறியவே அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பொருளைச் செம்மைசெய்ய இருமுறை கல்லூரிப் பெண்களின் அனுபவம் நாடப்பட்டது. ஆனால் அப்பொருளை வளாகத்திலேயே கிடைக்கச் செய்வது கல்லூரியின் கடமை என்னும் எண்ணம் மிகவும் தாமதமாகவே வந்தது. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவை முன்வந்து கழிவறைகளில் இலவசமாக வைத்தது. ஸ்காட்லாந்து 2018 முதல் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இலவசமாக வழங்கியது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை உரிமையாக்கியது. அச்சட்டம் 2022 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

தமிழகத்தில் 2011இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டம் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு இலவச அணையாடை வழங்க வகைசெய்தது. பள்ளியில் படிப்போருக்குப் பள்ளி வழியாகவே அது கிடைத்தது. முன்னோடித் திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டப்படிப்பின் நடுவிலேயே ஒரு மாணவி அந்த வயது வரம்பைக் கடந்துவிடுகிறாள். தேவையோ பிறந்தநாளோடு முடிவதில்லை. இந்திய அரசு 2017இல் அணையாடைக்கு 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதித்து, எதிர்ப்புக்குப் பின் 2018 ஜூலையில் நீக்கியது. வரி நீங்கினாலும் விலை நீங்கவில்லை.

கேரள அரசு 2023 ஜனவரியில் மாணவியருக்கு வேண்டிய வருகைப்பதிவை 75 விழுக்காட்டிலிருந்து 73 ஆகக் குறைத்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் விடுப்பு வேறு, வசதி வேறு. வலியால் வர இயலாதவளுக்கு விடுப்பு துணை. கறை படியுமோ என்று அஞ்சி வராதவளுக்கு வேண்டியது அணையாடையும், தண்ணீர் வரும் கழிவறையும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும்தான். வருகைப்பதிவேட்டில் இருவரும் ஒரே குறியாகவே பதிவாகின்றனர். அந்தக் குறியை நாள்தோறும் இடும் ஆசிரியர்களாகிய நாம், நம் கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் நாப்கின் இயந்திரம் நிரம்பியிருக்கிறதா என்று கடைசியாக எப்போது கேட்டோம்?