ஓடாத டயரின் வயது

பெட்டியில் வைத்த பட்டுப் புடவை மடிப்பிலே கிழியும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். "கட்டாத புடவைதானே, புதுசாகத்தானே இருக்க வேண்டும்?" என்று வாதம் பண்ணினால் சிரிப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்து உதறி, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்காவிட்டால் பட்டு பழி வாங்கிவிடும். சும்மா இருக்கும் பொருளுக்கும் வயது ஏறுகிறது என்ற இந்தச் சின்ன ஞானம், மோட்டார் உலகத்தின் சட்டப் புத்தகத்தில் ஏற ஏறக்குறைய 175 வருஷம் பிடித்தது என்றால் நம்புவீர்களா? புடவை கிழிந்தால் மனம் நோகும், அவ்வளவுதான். டயர் கிழிந்தால் உயிர் போகும். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் காரவான் என்று ஒரு வண்டி உண்டு. நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டிக்கு இப்போது இந்தப் பெயர் வந்துவிட்டது. நான் சொல்வது அது அல்ல. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சிறு வீடு இது. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் அதற்குள் அடக்கம். கோடை விடுமுறையில் சில வாரங்கள் குடும்பத்தோடு இதில் ஊர் சுற்றுவார்கள். மற்ற மாதங்களில் அது வீட்டுக் கொல்லையில் வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருக்கும்.

வசந்தம் வருகிறது. சொந்தக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிறார். டயரில் காற்று இறங்கிச் சப்பையாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்வார்களே, அந்த மேல்வரிகள் புத்தம் புதியவை போலத் தெரிகின்றன. "பேஷ், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று சொல்லிக்கொண்டு அவர் பம்பை எடுத்து மாட்டுகிறார். அந்த நிமிஷத்தில்தான் ஆபத்து கண் விழிக்கிறது.

இந்த வண்டியின் சரித்திரம் சாதுவாகத்தான் ஆரம்பித்தது. 1885-ஆம் வருஷம் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் சிறுவர்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர், பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ஒரு வீட்டு வண்டி செய்து வாங்கினார். 'வாண்டரர்', அதாவது ஊர்சுற்றி, என்று அதற்குப் பெயர். இரண்டு குதிரைகள் பூட்டி இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்குவரை போனார். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. 1907-இல் காரவான்காரர்கள் ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1919-இல், எக்கிள்ஸ் கம்பெனியார் மோட்டார் கார் இழுக்கும் காரவானைச் செய்து விற்க முற்பட்டார்கள். குதிரை போய்க் கார் வந்தது. ஸ்டேபிள்ஸின் வண்டிச் சக்கரத்தில் காற்று இல்லை. ஆகவே வெடிக்க ஒன்றும் இல்லை. காருக்குப் பின்னால் ஓட ஆரம்பித்த வண்டிக்கோ காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது.

அந்தக் காற்றின் கதை இன்னும் பழையது. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் 1845-இல், தமது இருபத்து மூன்றாவது வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பர் பூசிய துணியாலான பை உள்ளே. தோல் உறை வெளியே. 1847-இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் மாட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி சத்தமில்லாமல் மெத்தையில் போவது போலப் போயிற்றாம். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, பெல்பாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் பையனின் மூன்று சக்கர வண்டி கல் தெருவில் தடதடப்பதைச் சகிக்காமல் மீண்டும் அதே யோசனைக்கு வந்தார். 1888-இல் அவருக்கும் காப்புரிமை கிடைத்தது. இரண்டு வருஷத்தில், "ஐயா, உமக்கு முன்னால் தாம்ஸன் என்று ஒருவர் இருந்தார்" என்று அந்த உரிமை செல்லாமல் போயிற்று. உரிமை போனாலும் பெயர் நின்றுவிட்டது.

இவ்வளவு பேர் பாடுபட்டும், டயரைப் பற்றி ஜனங்களிடையே ஒரு தப்பபிப்பிராயம் இன்றுவரை போகவில்லை. வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறார்கள். தாங்குவது காற்று. ரப்பரும் அதற்குள் பின்னியிருக்கும் நூலும் கம்பியும், காற்றை ஓடவிடாமல் கட்டி வைத்திருக்கும் சிறைச்சாலை மட்டுந்தான். கைதி எவ்வளவு பலசாலி என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு டிரெய்லர் டயர், 14 அங்குல ரிம்மில் மாட்டியிருக்கிறது. அதன் ஒரு பக்கத்தின் பரப்பு சுமார் 377 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 50 ராத்தல் வீதம் காற்றடித்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எட்டு டன்னுக்கு மேற்பட்ட பலம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் குந்திக்கொண்டு பம்பு பிடிக்கிற மனிதரின் முகம் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது!

சிறைச்சாலை உறுதியாக இருக்கும்வரை பயமில்லை. ஆனால் சுவர் என்பது ரப்பர். மலேயாத் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து, கை விளக்கோடு மரம் மரமாகப் போய்க் கீறி வடித்த பால்தானே அது? மரத்தில் பிறந்த பொருளுக்கு மரத்தின் குணம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடு காட்டினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் என்று கண்டார். அதனால் ரப்பருக்கு ஆயுள் கூடியதே தவிர, சிரஞ்சீவிப் பட்டம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த செயற்கை ரப்பருக்கும் மூப்பு உண்டு.

ரப்பருக்கு எமன் யார்? அதையும் ஒரு வேடிக்கையான வழியில்தான் கண்டுபிடித்தார்கள். 1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் கவியத் தொடங்கியது. அந்த ஊரில் மட்டும் டயர்கள் சீக்கிரமாக வெடிப்பு விடுவதாகவும் புகார் எழுந்தது. ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன சாஸ்திரி, மோட்டார்ப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓஸோன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன என்று காட்டினார். காற்றில் அந்த வாயு எவ்வளவு என்று அளக்க அவர் என்ன கருவி வைத்துக்கொண்டார் தெரியுமா? வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டுகள்! எத்தனை நிமிஷத்தில் அவற்றில் கீறல் விழுகிறது என்று பார்த்தார், அதுதான் அளவு. கார் விட்ட புகையே காரின் டயரைத் தின்றுகொண்டிருந்தது.

இதற்கு மாற்றாக டயர்க்காரர்கள் ரப்பரோடு மெழுகையும் சில மருந்துகளையும் கலக்கிறார்கள். சக்கரம் ஓடி, ரப்பர் நெளிந்து கொடுக்கும்போது அவை உள்ளிருந்து கசிந்து மேலே வந்து, தோலுக்கு எண்ணெய் தடவினாற்போலக் காப்பாற்றும். இங்கேதான் காரவானின் துரதிர்ஷ்டம் இருக்கிறது. அது ஓடுவதில்லை, ஆகவே எண்ணெய் சரியாக மேலே வருவதில்லை. ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்பதால் பக்கச் சுவர் பிதுங்கி, இழுபட்டு நிற்கிறது. இழுபட்ட இடத்தில்தான் ஓஸோன் கீறும். இது போதாதென்று, உள்ளே அடைத்த காற்றிலுள்ள பிராணவாயுவும் அழுத்தம் தாங்காமல் ரப்பருக்குள் ஊடுருவி, உள்பக்கமிருந்து அதை விறைக்க வைக்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே மூப்பு.

இந்த நிலையில் காற்று இறங்கிய டயரோடு வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்தும் விட்டால் விபரீதம் முற்றிவிடுகிறது. சப்பை டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. உள்ளே நூல் நைகிறது. கனமான டிரெய்லர்களிலும் லாரிகளிலும் பக்கச் சுவருக்குள் உருக்குக் கம்பி பின்னியிருக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் என்ன ஆகும்? அதுதான் அங்கேயும் ஆகிறது. பாதி ஒடிந்த கம்பிகளோடு டயர் மௌனமாக நிற்கும். மறுபடி காற்றடிக்கும்போது ஒரு கம்பி அறுகிறது, அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகிறது, அதுவும் அறுகிறது. கண் மூடித் திறப்பதற்குள், கைப்பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாற்போலப் பக்கச் சுவர் வரிசையாகக் கிழிந்துவிடும். 'ஜிப்' வெடிப்பு என்றே அமெரிக்கத் தொழிலாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு வினையும் இருந்தது. லேசான லாரிகளுக்கும் வீட்டு வண்டிகளுக்கும் அங்கே 16 அங்குல ரிம்மும் உண்டு. 16½ அங்குல ரிம்மும் உண்டு. அரை அங்குலந்தானே என்று 16 அங்குல டயரை மற்றதில் மாட்டிக் காற்றடித்தவர்கள் உண்டு. டயர் உட்காராது. இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். இன்னும் கொஞ்சம். விளிம்புக் கம்பி அறுந்து சக்கரம் பீரங்கியாகிவிடும். பட்டறைகளில் இப்படிப் பலர் மாண்டபின், 1980-இல் அமெரிக்க அரசாங்கம், பல துண்டுகளாகப் பூட்டும் லாரிச் சக்கரங்களுக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று விதி செய்தது. சொன்ன அளவில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ காற்றோடு ஓடிய டயரானால், இருக்கும் காற்றையும் முழுக்க இறக்கிவிட்டுக் கழற்ற வேண்டும் என்றும் சொன்னது.

விதி பட்டறைக்கு வந்தது. வயது மட்டும் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. டயரின் பக்கத்தில் பிறந்த தேதி பொறித்திருக்கத்தான் செய்தது. 2000-க்கு முன்னால் அதற்கு மூன்றே இலக்கம். 8 என்று முடிந்தால் 1978-ஆ 1988-ஆ என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். 2000-இலிருந்து நான்கு இலக்கம் ஆயிற்று. 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். சட்டமோ அந்த எண்ணைக் கேட்கவேயில்லை. பட்டன் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் அளந்தது.

2012 செப்டம்பர் 10-ஆம் தேதி, வைட் தீவில் நடந்த ஒரு சங்கீத விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிய ஒரு பஸ், சர்ரே ஜில்லாவில் ஹிண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து, சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பையனுக்கு 18 வயது. டயரை எடுத்துப் பார்த்தார்கள். பட்டன் சட்டம் கேட்ட அளவுக்கு இருந்தது. டயரின் வயது பத்தொன்பதரை. அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே பிறந்த டயர்! சட்டப்படி யாரும் ஒரு தவறும் செய்யவில்லை.

பையனின் தாய் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: எத்தனை தேய்ந்தது என்று கேட்கிறீர்களே, எத்தனை வயது என்று ஏன் கேட்கவில்லை? மந்திரிகளைப் பார்த்தார், பார்லிமெண்டுக்குப் போனார், வருஷக் கணக்கில் ஓயாமல் கேட்டார். கடைசியில் 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் லாரி, பஸ்களின் முன் சக்கரங்களில் இருக்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. தாம்ஸனின் காப்புரிமையிலிருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய இன்ஜினீயர்களும் கம்பெனிகளும் கேட்காத கேள்வியை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கேட்க வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் காரவான்களைத் தொடவில்லை. டயரை ஐந்து வருஷத்தில் மாற்று, ஏழைத் தாண்டி ஓட்டாதே என்று காரவான் தொழிலில் இருப்பவர்கள் யோசனை சொல்கிறார்கள்; கேட்பதும் கேட்காததும் அவரவர் பாடு. ஆகவே பம்பை எடுக்குமுன் அந்த நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். அது வண்டியின் உள்பக்கம் பார்த்தும் இருக்கலாம். குனிந்து பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. வயது கடந்திருந்தாலும், பக்கத்தில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தாலும், சப்பையாக ஓடியது என்று சந்தேகம் இருந்தாலும் காற்றடிக்காதீர்கள். கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கத்தான் வேண்டுமென்றால் கவ்விக்கொள்ளும் மூக்குள்ள நீண்ட குழாயை மாட்டிவிட்டு, பக்கச் சுவருக்கு எதிரே நிற்காமல், தள்ளி, பட்டன் இருக்கும் திசையில் நில்லுங்கள். உள்ளே படபடவென்று ஒரு சத்தம் கேட்டால் கிட்டப் போய்க் காது கொடுக்காதீர்கள். இருந்த இடத்திலிருந்தே காற்றை நிறுத்தி இறக்கிவிட்டு விலகிப் போய்விடுங்கள்.

பிறரிடம் வயதைக் கேட்பது மரியாதையில்லை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டயரிடம் தாராளமாகக் கேட்கலாம்.