வறுமை காத்த ஒலிக்கலவை மேசை

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் உலர் மின்கலங்களும் கிடையா. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பத்திரிகைத் தொழிலுக்கு அப்போதுதான் வந்திருந்த எனக்கு அந்தச் செய்திகள் சோற்றைவிட அவசியமானவை. வானொலி பழுதானால் புதியது வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. சந்தியில் இருந்த திருத்துநர் ஒருவரிடம் கொண்டு ஓடுவோம். அவர் உடனே பெட்டியைத் திறக்க மாட்டார். "தம்பி, திறக்க முதல் அது என்ன சொல்லுது எண்டு கேட்கவேணும்" என்பார். கரகரப்பா, இரைச்சலா, முற்றான மௌனமா என்று காது கொடுத்துக் கேட்ட பின்னரே திருகாணியைத் தொடுவார்.

அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகள் வரை ஓரிடத்தில் உழைத்த ஓர் ஒலிக்கலவை மேசையின் வரலாற்றை அண்மையில் படித்தபோது அந்த மனிதரே என் நினைவுக்கு வந்தார். பாடகரின் குரல், கிற்றார், முரசு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்து, அவை அனைத்தையும் ஓரிடத்தில் வாங்கி, பெருக்கி, சீராக்கி, அளவோடு கலந்து பதிவுநாடாவுக்கு அனுப்புவதே இம்மேசையின் பணி. கணினி வருவதற்கு முன்னர் உலகம் கேட்ட இசைத்தட்டுக்களில் பெரும்பாலானவை இத்தகைய மேசைகளின் வழியாகவே வந்தன.

அம்மேசைகளை வடித்தவர்களுள் முதன்மையானவர் ரூபேர்ட் நீவ். 1926 இல் இங்கிலாந்தில் பிறந்து ஆர்ஜன்ரீனாவில் வளர்ந்த இவர், சிறுவயதிலேயே வானொலிப் பெட்டிகளை உருவாக்கத் தொடங்கியவர். 1961 இல் தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வெற்றிடக் குழாய்களின் இடத்தைத் திரான்சிற்றர்கள் பிடித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், அவற்றைக் கொண்டு இசைக்கு உகந்த பெருக்கிகளைச் செய்து காட்டினார். 1970 இல் வெளிவந்த 1073 என்னும் அவரது ஒலிவாங்கிப் பெருக்கி இன்றும் பிரதி செய்யப்படுகிறது.

நான் படித்த மேசை 8028 என்ற வகையைச் சேர்ந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் 1969 இல் தொடங்கப்பட்ட சவுண்ட் சிற்றி என்ற ஒலிப்பதிவுக்கூடம், 1973 இல் 75,000 டொலருக்கு மேல் கொடுத்து இதை வாங்கியது. ஒரு வீட்டின் விலையை மிஞ்சிய தொகை அது. 28 உள்வாயில்களைக் கொண்ட அந்த மேசையில் பிளீட்வூட் மக் குழுவின் 1975 ஆம் ஆண்டு இசைத்தட்டு பதிவாயிற்று. புகழும் வந்தது, பணமும் வந்தது.

எண்பதுகளில் காலம் மாறியது. இலக்கமுறைக் கருவிகளும் புதிய மேசைகளும் சந்தையை நிறைத்தன. வசதி படைத்த கூடங்கள் பழைய மேசைகளைக் கழற்றி வீசின. சவுண்ட் சிற்றியிடம் அவ்வளவு பணம் இருக்கவில்லை. பழைய கம்பளமும் பழைய மேசையும் அப்படியே கிடந்தன. 1991 இல் வாடகை மலிவு என்பதும் ஒரு காரணமாக அங்கு வந்த நிர்வாணா என்ற இளைஞர் குழு, அதே மேசையில் தங்கள் 'நெவர்மைன்ட்' தொகுப்பைப் பதிவு செய்தது. அது உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. மேசையைக் காத்தது திட்டமல்ல, வறுமை.

ஆயினும் வறுமை மட்டும் ஒரு பொறியை உயிரோடு வைத்திருப்பதில்லை. திருத்துகின்ற கையும் வேண்டும். இத்தகைய மேசையில் முதலில் மூப்படைவன மின்பகு கொள்ளளவிகள். அவற்றின் உள்ளேயுள்ள திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துவிடுகிறது. மின்வழங்கியில் இருப்பவை உலர்ந்தால் மேசை முழுவதும் ஒரு ரீங்காரம் எழும். ஆதலால் அனுபவசாலி எவரும் மின்வழங்கியிலிருந்தே தொடங்குவர். இவ்வகை மேசைகள் 24 வோல்ற்றில் இயங்குபவை. அந்த அளவு வீழ்ந்திருந்தால், கூறுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றியதும் அளவு மீள்கிறதோ, அதற்குள் குறுக்குச்சுற்றான தந்தாலம் கொள்ளளவி ஒன்று ஒளிந்திருக்கக்கூடும்.

மின்வழங்கி நலமாயிருந்து ஒரு வழி மட்டும் ஊமையானால், அதன் கூறை அயல் இடத்துக்கு மாற்றிச் செருகுவார்கள். பழுதும் கூடவே சென்றால் குற்றம் கூறினுடையது. பழுது பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் மேசையின் கம்பிகளிலோ இணைப்பிகளிலோ உள்ளது. பின்னர் 1,000 ஹேட்ஸ் சோதனை ஒலியொன்றை உட்செலுத்தி, அது எந்தப் படியில் தொலைகிறது என்று பின்தொடர்வார்கள்.

காது சொல்வது ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருப்பதுண்டு. குமிழைத் திருகும்போது கரகரப்புக் கேட்டால் அழுக்கென்று எண்ணித் துடைக்கத் தோன்றும். பல வேளைகளில் அது அழுக்கேதான். ஆனால் துடைத்த பின்னும் கரகரப்புத் திரும்பினால், நேரோட்டத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய கொள்ளளவி ஒன்று கசிந்து, அந்த ஓட்டம் குமிழுக்குள் புகுந்திருக்கலாம். அப்போது எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. செய்தியாளனுக்கும் இது தெரிந்த பாடமே. சத்தம் கேட்கும் இடத்தில்தான் காரணமும் இருக்கும் என்று எழுதியவர்கள் எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்!

இங்கே ஒரு பெரிய விவாதமும் உண்டு. உலர்ந்த ஒன்றை மட்டும் மாற்றுவதா, அன்றி நூற்றுக்கணக்கான கொள்ளளவிகளையும் ஒரேயடியாக மாற்றுவதா? முன்னையது பழைய ஒலியைப் பேணும். ஆனால் அடுத்த மாதம் அடுத்தது பழுதாகும். பின்னையது நம்பகமானது, ஆயினும் ஒவ்வொரு பற்றாசுப் புள்ளியிலும் சூடு பட்டுப் பழைய சுற்றுப்பலகை உரியும் ஆபத்து உண்டு. நான் கேட்ட வரையில், உழைக்கின்ற மேசைக்கு முழுமாற்றமே உகந்தது என்பவர்கள்கூட, மின்மாற்றிகளில் கை வைக்கத் துணிவதில்லை. அந்த ஒலியின் கனதிக்கு அவற்றின் இரும்புக்கும் பங்குண்டு.

நீவ் தம் மேசைகளைத் தனித்தனிக் கூறுகளாகச் செருகும்படி அமைத்தது பழுது பார்ப்பதற்கு வசதியாக. அதே வசதியே அவற்றுக்கு எமனாகவும் வந்தது. ஒரு மேசையை முழுதாக விற்பதைவிடக் கூறுகளாகப் பிரித்து விற்பது இலாபம் என்று கண்டவர்கள், எத்தனையோ மேசைகளை உடைத்து விற்றனர். முழுதாய் எஞ்சியவை அருங்காட்சிப் பொருள்களின் விலை பெறுகின்றன. பிங்க் புளொய்ட் குழு 'த டார்க் சைட் ஒவ் த மூன்' தொகுப்பைப் பதிவு செய்த அபி றோட் கூடத்து ஈ.எம்.ஐ மேசை, 2017 இல் நியூயோர்க் ஏலத்தில் 18 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

சவுண்ட் சிற்றி 2011 இல் வாடகைக்கூடமாக இயங்குவதை நிறுத்தியபோது, நிர்வாணாவின் முரசுக் கலைஞராயிருந்த டேவ் குரோல் அந்த மேசையை முழுதாகவே வாங்கித் தம் சொந்தக் கூடத்தில் நிறுவினார். 2013 இல் வெளியான அவரது ஆவணப்படத்தில் ரூபேர்ட் நீவ் மின்சுற்று நுணுக்கங்களை விளக்க, குரோல் ஒன்றும் விளங்காமல் விழிக்கும் காட்சி சிரிப்பூட்டும். நீவ் 2021 இல் தமது 94 ஆவது வயதில் காலமானார். சவுண்ட் சிற்றியும் 2017 இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அந்த மேசை அங்கு திரும்பவில்லை.

நான் தொழில் பழகிய அச்சுக்கூடத்தின் ஈய எழுத்துக்கள் நிறைக்கு விற்கப்பட்ட நாளில் நானும் அங்கு நின்றேன். தராசில் ஏறியபோது அவை எழுத்துக்களாக இருக்கவில்லை, வெறும் ஈயமாக இருந்தன. தடுத்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. சந்தியில் இருந்த அந்தத் திருத்துநரின் கடையும் இன்று இல்லை. அவர் கை பட்ட வானொலிகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மேசையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதைச் சொல்லாமல் முடித்தால், அது நேர்மையாக இராது.