பிள்ளையளை ஆர் கேட்டது?

ஆசிரியர்களை உருவாக்குகிற இடங்களில் இப்ப 'பின்னூட்டம்' என்ற சொல் நல்லாய்ப் புழங்குது. தவணை முடிவில் ஒரு படிவம், ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி, கீழே நாலு வரி வெற்றிடம். உலக அளவில் இந்தப் பழக்கத்துக்கு ஏறத்தாழ நூறு வயது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ், மாணவர்கள் தங்கள் விரிவுரையாளரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை 1927 இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு நவம்பரில் காந்தி உடுவில் மகளிர் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளோடு பேசினார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரம் உடுவில் தன் முதல் நூற்றாண்டை முடித்திருந்தது. அந்த நூறு வருசத்தில் அங்கே படித்தவர்களிடம், 'நாங்கள் படிப்பிச்சது உங்களுக்கு உதவிச்சுதா' என்று ஆராவது கேட்டார்களா என்பதுதான் எங்கள் கேள்வி.

1824 இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளை சேர்ப்பதே பெரும்பாடு. பெண் படிச்சு என்ன செய்யப்போறாள் என்ற காலம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவர்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் மிஷன் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டன. தன் பெயரிலேயே பேச்சு இல்லாத பிள்ளையிடம் பாடத்திட்டம் பற்றி அபிப்பிராயம் கேட்பார்களா? கேட்கவில்லைத்தான்.

இதற்கிடையில் ஒரு விலக்கு உண்டு. எலைசா அக்னியூ 1840 இல் வந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கேயே இருந்து, ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1883 இல் இறந்தார். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று சொல்லப்பட்டவர். முதலில் படித்தவர்களின் மகள்மாரையும் பேத்திமாரையும் அவரே படிப்பித்தார். அவரிடம் படித்த பலர் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஆசிரியைகளானார்கள். விடுமுறைகளில் பழைய மாணவிகளின் வீடுகளுக்கு அவர் போய்வந்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். விசுவாசத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கமாயிருக்கும், அதை நாங்கள் அழகுபடுத்தத் தேவையில்லை. என்றாலும், படிச்சு முடிச்ச பிள்ளை தன் குசினியிலும் தன் வகுப்பிலும் என்ன பாடுபடுகிறாள் என்று நேரில் பார்த்த ஆசிரியை திரும்பிவந்து அடுத்த தவணையைப் பழையபடியே தொடங்கியிருப்பார் என்று நம்புவது கஷ்டம்.

1855 இல் நிலைமை தலைகீழானது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்தார். ஆங்கிலம் படிச்ச பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவருடைய கவலை. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் ஒதுக்கப்பட்டுத் தமிழ்வழியே போதும் என்றானது. தாய்மொழிக் கல்வி என்ற அளவில் அன்டர்சனின் வாதத்தில் நியாயம் இருக்குத்தான். ஆனால் அதைத் தீர்மானிக்கும்போது அந்தக் கல்வியால் வாழ்க்கை மாறியவர்களின் கணக்கு எடுபடவில்லை. செமினரி மூடிய சில ஆண்டுகளுக்குள் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். செமினரியின் தரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் கேட்டதன் பலனாக 1872 இல்தான் யாழ்ப்பாணக் கல்லூரி அதே மண்ணில் எழுந்தது. பின்னூட்டம் போய்ச் சேர 17 வருசம்.

1870களில் வந்த உதவிநன்கொடை முறை இன்னொரு வேடிக்கை. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுவார், கணக்குக் கேட்பார், தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் வரும். இங்கிலாந்தில் 1862 இல் நடைமுறைக்கு வந்ததன் குடியேற்றநாட்டுப் பதிப்பு. பிள்ளையின் வாயை வைத்துத்தான் ஆசிரியரை அளந்தார்கள், ஆனால் அந்த வாய் சொந்தமாக ஒன்றும் சொல்லவில்லை, பாடமாக்கினதை ஒப்புவித்தது. இன்றைக்கும் பெறுபேற்றை வைத்து ஆசிரியரை எடைபோடும்போது நாங்கள் அந்தப் பரிசோதகரின் கதிரையில்தான் இருக்கிறோம்.

படிக்கிறவர்கள் தாங்களாகவே வாய் திறந்தது 1924 இல். ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. காந்தியை 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்கள்தான். தாய்மொழிக் கல்வி வேணும், சாதி ஒழிய வேணும் என்று கேட்டவர்கள் அன்று மாணவர்களும் இளம் ஆசிரியர்களும். பேரின்பநாயகமே பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். குறை சொன்ன தலைமுறை வகுப்பறைக்குள் திரும்பிப் போய்ப் பொறுப்பெடுத்தது என்பதால் எங்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஆனால் 'மாணவர் குரல்' என்று ஒற்றையில் சொல்வதிலும் சிக்கல் உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்த 1930 ஐ ஒட்டிய நாட்களில், குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறினதையே தாங்காத சமூகம் இது. அந்தப் பிள்ளையிடம் ஆசிரியர் எப்படி என்று ஆர் போய்க் கேட்டிருப்பார்? இன்றைய படிவத்தில் சராசரி போடும்போது அமைதியாய் இருக்கிற பிள்ளையின் விடை அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும்.

2016 செப்டம்பரில் உடுவில் மாணவிகள் அதிபர் மாற்றத்தை எதிர்த்துப் போராட இறங்கியபோதும், ஊர் முதலில் கேட்டது 'உங்களுக்கு என்ன வேணும்' என்று இல்லை. 'ஆர் தூண்டிவிட்டது' என்றுதான். அந்தப் பிரச்சினையின் சரிபிழையை இங்கே தீர்க்க வரவில்லை. அந்த முதற்கேள்வியைத்தான் குறித்து வைக்கிறோம்.

1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில், கோப்பாயில் உள்ளது உட்பட, படிப்பு மூன்று வருசம். இரண்டு வருசம் கல்லூரியில், மூன்றாவது வருசம் பாடசாலையில் கட்டுறுபயில்வு. விரிவுரையாளர் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். மதிப்பீடு மேலிருந்து கீழே ஓடுற ஒழுங்கு இது. எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லக்கூடிய ஆளும் அந்த மூன்றாம் வருசப் பிள்ளைதான். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துச் சமாளிக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கல்லூரியில் எழுதிப் பழகின பாடக்குறிப்பு எந்த இடத்தில் முறிஞ்சது என்று அவளுக்குத் தெரியும். தவணைக் கடைசி நாளில் நிரப்புற படிவத்தில் அது வராது. வந்தாலும் நிரப்பினவளுக்குப் பலன் இல்லை, அடுத்த தொகுதிக்குத்தான்.

தவணையின் நடுவில் கேட்டால் அந்தத் தவணைக்குள்ளேயே மாற்றலாம். 'விரிவுரை நல்லமா' என்பதை விட்டுவிட்டு, 'போன கிழமை வகுப்பில் எதைச் செய்ய முடியாமல் போச்சு' என்று கேட்கலாம். சொன்னதில் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று அறிவித்தல் பலகையில் போடலாம். கட்டுறுபயில்வு முடித்தவர்களை முதலாம் ஆண்டின் பாடக்குறிப்பு வகுப்பில் ஒரு கிழமை இருத்தலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, இன்னும் நாலைந்து கதிரை போட்டால் போதும்.